நாற்பத்தோராவது இறக்கம்

மார்ச் 4

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? விடைத்தாள் திருத்தும் மாதம் என்பதால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் விசாரித்தேன். "அவளுக்குக் கண்ணு எரியுது, அவ போடற மார்க்கைப் பாத்துப் பிள்ளைங்களுக்கு வயிறு எரியுது, ரெண்டும் சரியாப் போச்சு" என்றாள். விடுதி வராந்தாவில் ஒரே ஒரு போன். பின்னால் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் அம்மாவிடம் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதோடு சரி. மீதியெல்லாம் உங்களுக்குத்தான்.

இப்போது இறக்கப் பயிற்சி மட்டும்தான் நடக்கிறது. ஏற வேண்டும், ஒரு வட்டம் அடித்து இறங்க வேண்டும், சக்கரம் தரையில் பட்டதும் நிற்காமல் மறுபடி ஏற வேண்டும். நேற்றோடு இருபத்தொன்பது முறை இறங்கியிருக்கிறேன். அறுபதுக்குள் தேறினால் தனியாகப் பறக்க அனுப்புவார்கள். இங்கே அதற்கு மேல் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. என் உயரத்துக்கு, இருக்கையில் இரண்டு மெத்தைத் துண்டு போட்டால்தான் விமானத்தின் மூக்குக்கு மேலே ஓடுபாதை தெரிகிறது. கடுகு என்று பெயர் வைத்தீர்களே, அது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் ஆசிரியருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'மெதுவா சார்'. முன்பு வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பார். அவசரத்தில்கூட "மெதுவாத் திருப்பு, சீக்கிரம்!" என்று கத்துவார்.

பயிற்சி விமானத்தில், மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் பிடிக்கும் ஸ்டிக் இரண்டு உண்டு. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அவர் வாங்கிக்கொள்ளும்போது "என் கையில்" என்பார். நான் "உங்கள் கையில்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அது விதி. ஆனால் தரைக்கு அருகில் சில ஆசிரியர்கள் எதுவும் சொல்லாமல் இரண்டு விரலால் தொட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பேய்க் கை. ஸ்டிக் தானாக அசைவது போல இருக்கும். நம் கண் முழுக்க ஓடுபாதையில் இருப்பதால் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் முடியாது.

கடந்த பத்து இறக்கங்கள் நன்றாக வந்தன சித்தி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுகு

*

மார்ச் 13

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அப்படியேதான் இருக்கிறது. திருத்த வேண்டிய விடைத்தாள்களும் அப்படியேதான் இருக்கின்றன. உன் அம்மா நலம். கடையில் இரண்டாவது நகல் இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறாள். தினமும் மாலையில் அதைத் துடைப்பதைப் பார்த்தால் நீ பொறாமைப்படுவாய்.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் புரியவில்லை. பத்து இறக்கங்கள் நன்றாக வந்தன என்கிறாய். அந்தப் பத்தில் பேய்க் கை எத்தனை? தெரியாது என்றால், நன்றாக வந்தது யாருடையது என்று எப்படிச் சொல்வாய்? இருபத்தெட்டு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் இப்படித்தான் கேட்பாள், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

இதை உன்னைச் சோர்வாக்க எழுதவில்லை. அவரிடமே கேட்டுவிடு. "சார், இன்னைக்குத் தொட்டீங்களா?" மூன்றே வார்த்தை.

அம்மா உனக்கு ஒரு சால்வை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். மேலே குளிருமாம். கண்ணாடிக் கதவு உண்டு என்று சொன்னேன். "கதவு இருந்தா குளிராதா, பஸ்ஸுலயும்தான் கதவு இருக்கு" என்றாள். அனுப்பியிருக்கிறேன்.

நலமாக இரு.

சித்தி

*

ஏப்ரல் 2

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். சால்வை வந்தது, நன்றி. உடனே பதில் போட முடியவில்லை.

சென்ற வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இறங்கும்போது விமானம் கொஞ்சம் குதித்தது. முன்சக்கரம் வளைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, எல்லாம் நின்ற பிறகு குனிந்து பார்த்தால் என் இரண்டு கைகளும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.

விசாரணை அதிகாரி ஒருவர் வருவாராம். அது வழக்கம்தானாம். அதுவரைக்கும் பறப்பு இல்லை. வகுப்பில் உட்கார்ந்து வானிலைப் பாடம் படிக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அன்றைக்கு போனில் குரல் சரியில்லை என்றாள். தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

கடுகு

*

ஏப்ரல் 9

அன்புள்ள கடுகுக்கு,

எல்லோரும் நலம். உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

சின்ன விஷயத்துக்கு விசாரணை அதிகாரி வருவதில்லை. வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவள் இந்த முறை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். சாப்பாடு பரவாயில்லை என்று நீ எழுதியதும் இதுவே முதல் தடவை. எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடி பட்டிருக்கிறதா? எங்கே? எத்தனை முறை குதித்தது? அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய்? நினைவிருக்கும் வரிசையிலேயே எழுது. அழகாக எழுத வேண்டாம்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை. எழுது.

சித்தி

*

ஏப்ரல் 24

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? பெல்ட் அழுத்தித் தோளில் ஒரு நீலக் கோடு விழுந்திருந்தது. இப்போது மஞ்சளாகிவிட்டது. அவ்வளவுதான் அடி.

அது என் நாற்பத்தோராவது இறக்கம். மார்ச் 26, காலை ஒன்பது மணி. காற்று இடப் பக்கமிருந்து, லேசாகத்தான் வீசியது. தரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் மூக்கைத் தூக்க வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே தூக்கிவிட்டேன். விமானம் பொத்தென்று விழுந்து குதித்தது. குதித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, இஞ்சினைக் கூட்டி, மேலே ஏறிப் போய்விட வேண்டும். முன்னால் மட்டும் தள்ளக் கூடாது.

ஸ்டிக் முன்னால் போனது.

மூக்கு கீழே போய், இரண்டாவது முறை முன்சக்கரம்தான் முதலில் பட்டது. இன்னும் உயரமாகக் குதித்தோம். மூன்றாவதில் முன்சக்கரம் ஒடிந்தது. புரொப்பெல்லர் தரையில் அடித்து வளைந்தது. வளைந்தது என்று போன தடவை சக்கரத்தைச் சொன்னேன், பொய். உரசிக்கொண்டே போய்ப் புல்லில் நின்றோம். மெதுவா சார் "இறங்கு, இறங்கு, இறங்கு" என்றார். மெதுவா என்று சொல்லவில்லை.

"என் கையில்" என்று அவர் சொல்லவில்லை. "உங்கள் கையில்" என்று நான் சொல்லவில்லை. தள்ளியது நானா அவரா என்று எனக்குத் தெரியவில்லை சித்தி. கண்ணை மூடினால் ஸ்டிக் முன்னால் போவது தெரிகிறது. அதன் மேல் யார் கை இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'சம்பவ நேரத்தில் கட்டுப்பாடு யாரிடம்?' இரண்டு கட்டம்: மாணவர், ஆசிரியர். அவர் 'மாணவர்' என்பதில் குறி போட்டுக் கொடுத்துவிட்டார். ஜனவரியில் ஒரு தடவை வால் தரையில் உரசியது என்று எழுதியிருந்தேனே, அது என் கணக்கில் இருக்கிறது. மாணவர் தவறு இரண்டு என்றால் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். வேறு பள்ளியிலும் எடுக்க மாட்டார்கள். மே மாதக் கடைசிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடுகு

*

மே 3

அன்புள்ள கடுகுக்கு,

நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

பதில் உன்னிடமே இருக்கிறது. ஏப்ரல் 2 அன்று, யாரும் கேட்காதபோது, வேடிக்கையாக ஒரு வாக்கியம் எழுதினாய். விமானம் நின்றபோது உன் இரண்டு கைகளும் இருக்கையின் விளிம்பில் இருந்தன. ஸ்டிக்கைப் பிடித்திருந்தவள் கை இருக்கைக்கு எப்படிப் போகும்? நீ விட்டிருக்கிறாய். எப்போது ஒருவர் விடுவார்? இன்னொருவர் பிடித்துக்கொண்டார் என்று கைக்குத் தெரியும்போது. மூளைக்குத் தெரியாமல் இருக்கலாம். நாற்பது தடவை பழகிய கைக்குத் தெரியும்.

சொல்லாமல் தொடுகிற ஆசிரியர்கள் அங்கே உண்டு என்று மார்ச்சிலேயே எழுதியிருக்கிறாய். விதியை மீறியவர் அவர். குறியை உன் மேல் போட்டவரும் அவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உன்னை நீயே குழப்பிக்கொண்டு அவர் போட்ட குறியை ஏற்றுக்கொள்ளாதே.

கைகள் இருந்த இடத்தை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். முடிவை அதிகாரி எடுக்கட்டும்.

அம்மா கேட்டாள், "எப்பத் தனியா ஓட்டப் போறாளாம்?" விமானம் பழுது என்றேன். "புது மெஷின் வாங்கச் சொல்லு, என்னை மாதிரி" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி

*

மே 15

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. மடித்து வைத்ததும் குழம்பிவிடுகிறது.

கை எப்போது இருக்கைக்குப் போனது? முதல் குதிக்கு முன்பா, மூன்றாவதுக்குப் பிறகா, புல்லில் உரசிக்கொண்டு போகும்போதா? புல்லில் என்றால் அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. அதை எழுதிக் கொடுத்தால் படிக்கிறவர் நீங்கள் நினைத்த மாதிரியேதான் நினைப்பார். நான் பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை சொன்னதாகவும் ஆகாது.

இன்னொன்று. அன்றைக்கு அவர் கை இருந்தது என்றால், அதற்கு முந்தின நாற்பதிலும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் நான் இதுவரை ஒரு தடவையாவது விமானத்தை இறக்கியிருக்கிறேனா? மார்ச்சில் நீங்கள் கேட்ட கேள்விதான். "சார், இன்னைக்குத் தொட்டீங்களா?" என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. தொட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். விபத்து என்னுடையது என்றால் நாற்பதும் என்னுடையது. விபத்து அவருடையது என்றால் எனக்கு ஒன்றுமே இல்லை. எதை விரும்புகிறேன் என்றே தெரியவில்லை.

இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டுக் கீழே 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீக்கினால் நீக்கட்டும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வயது போதாது. இருந்தாலும் சொல்கிறேன்.

கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

கடுகு

*

ஜூன் 2

அன்புள்ள கடுகுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன்.

டாக்டரைப் பார்த்தேன். சொட்டு மருந்து கொடுத்தார். கல்லூரியில் தேர்வு முடிந்தது. நல்ல மழை. மாடிப்படியில் வழுக்குகிறது என்று உன் அம்மா சாக்கு விரித்திருக்கிறாள். இப்போது சாக்கு வழுக்குகிறது.

உன் படிவத்தைக் கொடுத்திருப்பாய். எல்லாம் நல்லபடியாக முடியும். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எதுவும் இல்லை.

சித்தி

*

ஜூன் 21

சித்திக்கு,

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. நீளமான அறை, நடுவில் மேஜை. ஒரு பக்கம் அதிகாரியும் தலைமை ஆசிரியரும். இந்தப் பக்கம் நானும் மெதுவா சாரும், விமானத்தில் உட்காருவது போலவே. நான் இடது, அவர் வலது.

தெரியவில்லை என்று எழுதிய என் படிவத்தை அதிகாரி ஓரமாகத் தள்ளிவைத்தார். வேறு ஒரு தாளை எடுத்துப் படித்தார். "பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி." முதலில் எனக்குப் புரியவில்லை. யாரோ என்னை மாதிரியே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"உங்க சித்திக்கு நீங்க எழுதினதுதானே இது?"

"ஆமா சார்."

"பொய்யா எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இதுல என்ன தெரியலை?"

அவர் மெதுவா சார் பக்கம் திரும்பினார். "நீங்க தொடவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

மெதுவா சார் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "தொடலைன்னுதான் நெனச்சேன். பன்னண்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன் சார். கை தானாப் போகும், தானா வரும். அன்னிக்குப் போச்சான்னு கேட்டா, இந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அவங்க சொல்லலை. எழுதியிருக்காங்க."

"அதுக்கென்ன சார், எழுதினா இன்னும் சரியாத்தான் இருக்கும்."

முடிந்தது. என் மேல் தவறில்லையாம். அவர் இனி மாணவர்களை ஏற்றக் கூடாது. மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டார். வாசலில் நின்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். "பல் டாக்டர் நாற்காலி! படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. நல்லா எழுதறேம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மே 15இல் எழுதியதை அதிகாரி படிக்கவில்லை. அவரிடம் அது இல்லை போல.

இனிமேல் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

*

ஜூலை 6

அன்புள்ள கடுகுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா வழியாக அறிந்தேன்.

நான்தான் அனுப்பினேன். மே 20, பதிவுத் தபாலில். உன் ஏப்ரல் கடிதங்கள் இரண்டின் நகலும், ஒரு பக்கத்துக்கு என் கருத்தும். மே கடிதத்தை அனுப்பவில்லை. மறந்து போகவில்லை, எடுத்துத் தனியாக வைத்தேன். ஒரு மாணவி தனக்கு வேண்டிய புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு கோடு போட்டிருந்தால் பூஜ்யம் கொடுத்திருப்பேன்.

காரணம் என்று ஒன்று சொல்லலாம். நீ அங்கே சேரும்போது உன் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். "நான் பொறுப்பு" என்று சொல்லி அதை மறுபடி அவள் கையில் கொடுத்தவள் நான். நீ பாதியில் திரும்பி வந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நினைத்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டில் எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

நகலை உன் அம்மா கடையில் எடுக்கவில்லை. கடை அடுத்த தெருவிலேயே இருந்தும் போகவில்லை. கல்லூரி அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னமும் உன் கை பற்றிய என் ஊகம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது அனுப்பியதைச் சரியாக்கவில்லை.

நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

சித்தி

*

செப்டம்பர் 1

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் ஜூலைக் கடிதம் வந்தது. ஆகஸ்டில் உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தீர்கள், அதுவும் வந்தது. ஜூலைக் கடிதத்தைப் போன வாரம்தான் பிரித்தேன்.

நேற்று தனியாக அனுப்பினார்கள். புது ஆசிரியர் ஒரு பெண். தொடும்போதெல்லாம் சத்தமாகச் சொல்கிறவர். அவரோடு பதினாறு முறை இறங்கினேன். பிறகு அவர் இறங்கிக்கொண்டு, காலி இருக்கையின் பெல்ட் தொங்கி ஸ்டிக்கில் மாட்டாமல் இருக்க அதைக் கட்டிவிட்டு, கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் யாருமே இல்லாமல் பெல்ட் மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஆள் எடை குறைந்ததால் விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. வட்டம் அடித்து வந்தேன். மூக்கைத் தூக்கினேன், மறுபடி கொஞ்சம் முன்னாலேயே. குதித்தது. அப்போது ஸ்டிக் முன்னால் போகப் பார்த்தது சித்தி. இரண்டு விரலால் யாரோ தள்ளுவது போல. அதே பேய்க் கை. பக்கத்தில் பெல்ட்தான் இருந்தது. நான் விடவில்லை. இஞ்சினைக் கூட்டி மேலே போய், இன்னொரு வட்டம் அடித்து வந்து இறக்கினேன். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. ஓடுபாதை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் இரண்டு முறை கூப்பிட்டார்கள். பதில் சொல்ல மைக் பொத்தானை அழுத்த வேண்டும், கை வரவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு கைகளும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்னொருவர் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்துதான் கை விடும் என்று எழுதினீர்கள். நேற்று யார் பிடித்தார்கள்?

இதனால் மார்ச்சில் தள்ளியது நான்தான் என்று ஆகாது. மெதுவா சார் இல்லை என்றும் ஆகாது. ஆனால் அந்த வாக்கியத்துக்காகத்தான் அவரை வெளியே அனுப்பினார்கள். அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. இதை அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். அவர் என்ன நினைப்பார் என்றும் தெரியும்: பிள்ளை ஆசிரியருக்காக இரக்கப்படுகிறது. போன தடவையும் நான் நேராகச் சொன்னதை அவர் நம்பவில்லை. உங்களுக்கு எழுதியதைத்தான் நம்பினார்.

அதனால் இந்தக் கடிதத்தையும் நகல் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். மே 15 கடிதத்தையும் சேர்த்து. மறுபடி விசாரித்தால் குறி என் பக்கம் விழலாம். விழுந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறக்கியது நான்தான் என்று உறுதியாகச் சொல்ல இப்போது ஒன்றாவது இருக்கிறது. குதித்த ஒன்றையும் சேர்த்தால் ஒன்றரை.

கண் எப்படி இருக்கிறது?

கடுகு

*

செப்டம்பர் 9

அன்புள்ள கடுகுக்கு,

கண் பரவாயில்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அனுப்பாமல் இருக்கக் காரணம் தேடினேன். மூன்று கிடைத்தன. மூன்றும் நல்ல காரணங்கள். திங்கள் காலை அனுப்பிவிட்டேன். தபால் ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் ஊகம் தவறாக இருக்கலாம் என்று ஒரு வரியும் எழுதிச் சேர்த்தேன். அந்த ஒரு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

இந்த முறை நகலை உன் அம்மா கடையில்தான் எடுத்தேன். திறந்த உடனேயே போய்விட்டேன். வேறு யாரும் இல்லை. தாள்களை நீட்டினேன். வாங்கியதுமே கேட்டாள், "இது கடுகு எழுத்தாச்சே?"

"ஆமா."

"எனக்கு வராத கடுதாசி உனக்கு வருதாக்கும்."

இயந்திரத்தில் வைத்தாள். ஒவ்வொரு பக்கமாக வெளியே வர வர, எடுத்து நின்றபடியே படித்தாள். நான் தடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கினாள்.

"மார்ச்சுல என்கிட்ட தலைவலின்னு சொன்னா."

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதியையும் படித்து முடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதை அனுப்பினா என்ன ஆகும்?"

"அவளை வெளியே அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"அனுப்பாட்டி?"

"ஒண்ணும் ஆகாது."

"அந்த வாத்தியாரு?"

"அவரும் அப்படியே இருப்பார். வெளியே."

"தள்ளினது யாரு, இவளா, அவரா?"

"தெரியலைக்கா."

இருபத்தெட்டு வருடமாக எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவள் என்று என்னை ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவள் அவள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் மூடியைத் திறந்து, கடைசிப் பக்கத்தை நேராக்கி வைத்தாள்.

"அவ என்ன சொல்றா?"

"அனுப்பச் சொல்றா."

"அப்புறம் என்ன."

முதலில் வந்த பக்கங்களில் மை மங்கலாக இருக்கிறது என்று அவற்றைக் கிழித்துப் போட்டாள். எனக்கு ஒரு மங்கலும் தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்து மறுபடி எடுக்கப் போனாள். எத்தனை வேண்டும் என்று கேட்டாள். ஒன்று போதும் என்றேன். இரண்டு எடுத்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

சித்தி